ஒடிந்த சாமித் தண்டும் மூன்று கட்டைகளும்

காலேஜில் இப்போது என் இடத்தில் வேலை பார்க்கும் கவிதா போன வாரம் போன் செய்தாள். "அண்ணே, கட்டை சீவற மைக்ரோடோமைத் தூக்கி ஸ்டோர் ரூம்ல போடச் சொல்லிட்டாங்க. இனிமே பசங்க எல்லாத்தையும் திரையிலயே பார்த்துப்பாங்களாம். அந்தத் தண்டு கேஸை மட்டும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. நாங்க சொன்னா கதை விடறோம்னு சிரிக்கிறாங்க" என்றாள்.

நான் பத்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு காலேஜில் தாவரவியல் லேபுக்கு அட்டெண்டராகப் போனேன். முதல் சில வருஷம் கண்ணாடிச் சில்லு கழுவுவதும், பசங்க பிராக்டிகலுக்கு ஓடைக்கரையில் செடி பிடுங்கி வருவதும்தான் வேலை. மரக்கட்டையைத் தாள் மாதிரி சீவக் கற்றுக்கொண்டது மதாம் வந்த பிறகு.

மதாம் எங்கள் துறைத் தலைவர். டவுனில் பழைய பிரெஞ்சுக் குடும்பம். ஞாயிறு பூசைக்குத் தப்பாமல் போகிறவர். தமிழ் பேசும்போதே நடுவில் 'அலோர்' என்று ஒரு பிரெஞ்சு வார்த்தை விழும், 'அப்படின்னா' என்கிற மாதிரி. அது விழுந்தால் அடுத்து ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். எவ்வளவு கோபம் வந்தாலும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். லேபில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டேதான் இருப்பார். அவர் நிற்கும்போது நாங்கள் எப்படி உட்கார முடியும்?

நான் காலையில் பூஜை செய்து, சந்தனம் அரைத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போகிறவன். முதல் நாளே என் கையைப் பிடித்து விரலை மோந்து பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பலராமன், நெத்தி உங்க சாமிக்கு. விரல் எனக்கு. போய் சோப்பு போட்டுட்டு வாங்க."

கட்டையைப் பார்க்கும்போது வாசனை, நிறம் எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார். அதில் என் சந்தனம் கலக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இன்னொன்றும் சொல்வார். "பார்த்தேன்னு சொல்லுங்க. நெனச்சேன்னு சொல்லாதீங்க." லேபில் நுழைகிற எல்லாருக்கும் இதுதான் சட்டம்.

அவரிடம் கேட்டுக் கேட்டு எனக்கு ஏறியது இவ்வளவுதான். பட்டைக்கு அடியில் மரத்துக்கு ஒரு மெல்லிய ஈரப் படலம் இருக்கிறது. உயிர் அங்கேதான். அந்தப் படலம் வருஷா வருஷம் உள்பக்கம் புதுக் கட்டையைப் போடும், வெளிப்பக்கம் பட்டையைப் போடும். அதனால்தான் மரம் பருக்கிறது. புத்தகத்தில் இரண்டாம் நிலை வளர்ச்சி என்று போட்டிருக்கும். ஒரு தடவை உள்ளே போட்ட கட்டையை மரம் திரும்பத் தொடாது. அதற்கு ஏதாவது காயம் பட்டால் சரி செய்யாது. மேலே புதுசைப் போர்த்திக்கொண்டு போய்விடும். தேக்கு மாதிரி மரத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒரு வளையமாகத் தெரியும். வருஷத் தொடக்கத்தில் போட்ட நீர்க்குழாய் பெரிசு பெரிசாக இருக்கும், பிறகு போட்டது பொடிசாக இருக்கும். நான் இதைச் சீவிச் சீவிப் பார்த்தவன். படித்துத் தெரிந்துகொண்டதில்லை.

இனி கேஸுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஆடி மாசம் எங்கள் தெரு அம்மன் வீதி உலா புறப்பட்டது. சாமியைத் தூக்குவதற்கு இரண்டு பக்கமும் இரண்டு நீளத் தேக்குத் தண்டு. இரண்டும் புதுசு. தெருக்காரர்கள் கட்டை வாங்கிக் கொடுத்து, ஏழுமலை ஆசாரி செதுக்கிக் கொடுத்தது. என் தங்கச்சி செல்வியின் வீட்டுக்காரர் தனசேகர் வலது பக்கத் தண்டில் முன்னால் தோள் கொடுத்திருந்தார். அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் பிட்டர். கெட்டியான உடம்பு. தெருமுனையில் சாமியைத் திருப்பும்போது வலது தண்டு ஒடிந்தது.

அம்மன் தரையில் படவில்லை. பீடம் சாய்ந்த பக்கம் மாப்பிள்ளை உடம்பைக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் தாங்கிப் பிடித்து நிமிர்த்துவதற்குள் அவர் இடுப்பெலும்பும் தொடையும் நொறுங்கிப் போயிற்று. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை இப்போதும் கண்ணில் இருக்கிறது.

மறுநாளே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. ஆசாரி நல்ல கட்டையை வீட்டில் வைத்துக்கொண்டு மட்டக் கட்டையைச் செதுக்கிவிட்டான் என்றார்கள். சாமி விஷயத்திலேயே கை வைத்துவிட்டான் என்றார்கள். போலீஸ் வந்து ஏழுமலை ஆசாரியைக் கூட்டிப் போனது. எனக்கும் அவர் மேல் வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம் ஒரு நாள் காலை லேப் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. ஒடிந்த தண்டும் ஒடியாத தண்டும் சாக்கில் சுற்றி இறங்கின. எந்தக் கட்டை, எப்படிப்பட்ட கட்டை என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கூட வந்த கடிதத்தை மதாம் நின்றபடியே சத்தமாகப் படித்தார்.

"இது தேக்குதானா. கட்டையில் குறை உண்டா. குறை தெரிந்தே போடப்பட்டதா." படித்துவிட்டு ஜீப்பில் வந்த போலீஸ் ஏட்டைப் பார்த்தார். "மூணாவது கேள்விக்கு எங்க கிட்ட மைக்ரோஸ்கோப் கெடையாது, மிஸ்யே."

ஏட்டுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நாங்க எழுதித்தான் குடுக்கணும் மேடம்" என்றார். "விரல் அகலத்துக்கு மேல வெட்டாதீங்க. கோர்ட்டுக்குக் காட்டணும்."

ஜீப் போனதும் நான் மதாம் எதிரில் போய் நின்றேன்.

"மதாம், அடிபட்டவர் என் தங்கச்சி புருஷன். இந்த வேலைக்கு நான் வேணாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆசாரி மேல கோபமா?"

"ஆமா மதாம்."

"கட்டையை மாத்தினதை நீங்க பார்த்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என் கை இப்பல்லாம் நடுங்குது பலராமன். உங்க மனசு நடுங்குது. கத்தியைப் பிடிக்க ரெண்டுல எது பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க."

வேறு ஆள் அப்போது இல்லை. எனக்கு உறவு என்பதை அவரே போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். அதோடு விடவில்லை. "அலோர்" என்றார். என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. அந்த வயதில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே அறுத்திருக்கிறார். கதவைத் திறந்தபோது முந்தானையெல்லாம் மரத்தூள். மேஜை மேல் மூன்று சின்னக் கட்டைகள். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு கட்டியிருந்தது.

"ஒண்ணு, ஒடிஞ்ச எடத்துக்குப் பக்கத்துல எடுத்தது. ஒண்ணு, அதே தண்டுல ஒடிஞ்ச எடத்துக்கு ரொம்பத் தள்ளி எடுத்தது. ஒண்ணு, ஒடியாத தண்டுல எடுத்தது. எந்த நூல் எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்க கேக்கக் கூடாது. நான் சொல்லவும் மாட்டேன்."

முதலில் மூன்றையும் கொதிக்க வைத்தேன். தேக்கு லேசில் இளகாது. பிறகு கிளிசரினும் ஸ்பிரிட்டும் கலந்து ஊறப் போட்டேன். கட்டை ஊறுகிற நாட்களில் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். ஒரு நாள் கிளம்பும்போது மதாம் கூப்பிட்டார். "ஒடியறதுக்கு முன்ன தண்டு சத்தம் போட்டுதான்னு அவரைக் கேளுங்க."

மாப்பிள்ளை காலில் எடை கட்டிப் படுத்திருந்தார். கேட்டேன்.

"சத்தமா?" யோசித்தார். "இல்ல மச்சான். மூங்கிலாவது முனகும். பழைய தண்டு கூட அழுத்தம் வந்தா கிறீச்சுன்னு சொல்லும், ஒதுங்கிக்கலாம். இது ஒண்ணுமே சொல்லல. அப்பளம் மாதிரி போச்சு."

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். "அதை ஏண்ணா கேக்கற?"

"மதாம் கேக்கச் சொன்னாங்க."

"யாருக்காகக் கேக்கறாங்க? அந்த ஆளுக்காகவா?"

"செல்வி, சும்மா இரு" என்றார் மாப்பிள்ளை.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? இவரு இனிமே பட்டறைக்குப் போய் நிப்பாரா? எங்கண்ணன் கையில கட்டை இருக்கு, கடவுள் கண்ணைத் தொறந்துட்டான்னு நெனச்சேன். அண்ணா, அந்த ஆளை மட்டும் வுட்டுடாத."

கஞ்சி டம்ளரை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலேஜ் கேட்டில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தது. ஏழுமலை ஆசாரியின் சம்சாரம். முன்னே பின்னே பேசியதில்லை. சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"உங்க கையிலதான் இருக்குதாமே."

"எங்க மதாம் கையில இருக்கு. நான் வெறும் அட்டெண்டர்."

"நீங்க அவருக்கு மச்சான்னும் சொன்னாங்க." அந்த அம்மா அழவில்லை. அழுதிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். "எம் புருஷன் தப்புப் பண்ணியிருந்தா வெட்டிக் காட்டுங்க. பண்ணலன்னா அதையும் வெட்டிக் காட்டுங்க. அவ்ளோதான் கேக்கறேன். அம்மனுக்குத்தான் செஞ்சாரு. நாப்பது நாளு கவுச்சி தொடாம செஞ்சாரு."

அன்றைக்குக் கத்தி தீட்ட உட்கார்ந்தேன். கல்லில் எண்ணெய் விட்டு, பிறகு தோல் பட்டையில் இழுத்து இழுத்து, முடியைப் பிளக்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். கத்தி சரியில்லாமல் கட்டையைச் சீவினால் நார் நசுங்கும். நசுங்கியதைக் காயம் என்று தப்பாகப் படித்துவிடுவோம்.

முதலில் மூன்றையும் குறுக்கே சீவினேன். பசங்களுக்குக் காட்டுவது எப்போதும் குறுக்கு வெட்டுதான். கைப்பழக்கம். சாஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயத்தில் போட்டு, ஸ்பிரிட்டில் அலசி, கிராம்பு எண்ணெயில் தெளிய வைத்துக் கொடுத்தேன். மதாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தேக்குதான். மூணும் தேக்கு. பெரிய குழாய் வரிசையா இருக்கு, அழுகல் இல்ல, பூச்சி இல்ல. நல்ல கட்டை."

அப்படியானால் கட்டையை மாற்றவில்லை. அப்புறம் எதனால் ஒடிந்தது? ஆசாரி எங்கேயோ அதிகமாகச் செதுக்கிவிட்டான், துளை தப்பாகப் போட்டான் என்றுதானே ஆகும்? அந்த நேரத்தில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி கூட வந்தது.

"இப்ப நெடுக்க சீவுங்க" என்றார் மதாம். "பட்டைப் பக்கத்துல தொடங்கி நடுமரம் வரைக்கும் ஒரே சீவலா வரணும்."

சிவப்பு நூல் கட்டை முதலில். நெடுக்கச் சீவினால் நாரெல்லாம் தறியில் ஓடுகிற பாவு மாதிரி நேராக, பக்கம் பக்கமாகத் தெரியும். மதாம் லென்சுக்கு மேலேயும் கீழேயும் வெளிச்சத்தை வடிகட்டுகிற கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒவ்வொன்று வைத்தார். அப்படி வைத்தால் நேரான நார் மங்கலாகப் போய்விடும், கசங்கின இடம் மட்டும் பளிச்சென்று நிற்கும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு, நாரை எல்லாம் குறுக்கே மடித்துக்கொண்டு சாய்வாக ஓடியது. புடவையை மடித்து நகத்தால் அழுத்தினால் வருமே, அந்த மாதிரி மடிப்பு.

வெள்ளை நூல் கட்டை. ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பில் மடிப்பு இருக்கிறது, வெள்ளையில் இல்லை. கறுப்பிலும் இல்லை என்றால், ஒடியும்போது ஒடிந்த இடத்தில் மட்டும் நார் நசுங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. குறை ஆசாரி வேலையில் என்று ஆகிவிடும். கறுப்பிலும் இருந்தால், தண்டு முழுக்கவே உள்ளே அடிபட்ட கட்டை. எல்லாம் அந்த ஒரு கட்டையில் நின்றது. மதாம் என் முகத்தைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கறுப்பு நூல் கட்டையில் ஒரு வெடிப்பு. சில சீவல்தான் வரும். முதல் சீவல் கிழிந்தது. இரண்டாவது கத்தி மேலேயே சுருண்டு தூளாகிப் போயிற்று. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மிச்சமும் அப்படியே போகும். வெடிப்புக் கட்டை, வரவில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் என்னைக் கேட்க முடியாது. செல்வி குரல் காதுக்குள்ளேயே நின்றது. வியர்வை கத்தி மேல் சொட்டியது.

"பலராமன், போய் கையைக் கழுவிட்டு வாங்க" என்றார் மதாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பின்பக்கக் குழாயடியில் நின்று முழங்கை வரை கழுவினேன். 'தாயே, அன்னிக்கு நீ சாயும்போது ஒருத்தன் உடம்பைக் குடுத்தான். அவனுக்காக இன்னொருத்தன் தலையில நான் பொய்யை வைக்க மாட்டேன். கையை மட்டும் பிடிச்சுக்கோ' என்று வாய்விட்டே சொன்னேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திரும்பி வந்து மூச்சை அடக்கிக்கொண்டு கத்தியை இழுத்தேன். முழுச் சீவலாக வந்தது. பட்டைப் பக்கத்திலிருந்து நடு வரைக்கும் எங்கேயும் அறுபடவில்லை. தூரிகையால் எடுத்துத் தண்ணீரில் விட்டேன். மிதந்தது.

மதாம் வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து நின்றார். "இப்ப நீங்க பாருங்க. பார்த்ததைச் சொல்லுங்க."

குனிந்தேன். நடுமரத்துப் பக்கத்தில் அதே வெள்ளைக் கோடு. ஒன்றில்லை, பல கோடுகள். வளையத்துக்கு வளையம் தாண்டிக்கொண்டு வெளிப்பக்கமாக வந்தன. ஒரு வளையத்தின் விளிம்பு வந்ததும் எல்லாமே நின்றுவிட்டன. கத்தி வைத்து நறுக்கின மாதிரி நின்றன. அதற்கு வெளியே இருந்த வளையங்களில் நார் நேராக, அமைதியாக இருந்தது.

"மடிப்பு இருக்கு மதாம்."

"எங்க வரைக்கும்?"

"ஒரு வளையம் வரைக்கும்தான். அதுக்கு வெளிய இல்ல."

"அலோர்?"

"வெளிய இருக்கற வளையம் அப்புறமா வந்தது. மரம் அதைப் போடறதுக்கு முன்னயே உள்ள மடிஞ்சிருக்கு. நிக்கற மரமாவே மடிஞ்சிருக்கு."

"இது நெனச்சதா, பார்த்ததா?"

"பார்த்தது மதாம்."

அப்போதும் அவர் விடவில்லை. கத்தி மடித்திருக்கலாம் இல்லையா என்றார். கட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து சீவச் சொன்னார். கத்தி செய்த மடிப்பு என்றால் இடம் மாறும். மாறவில்லை. அதே இடம், அதே வளையத்தில் நின்றது. அதற்கப்புறம்தான் மதாம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கறுப்பு, ஒடிஞ்ச தண்டுல தள்ளி எடுத்தது. வெள்ளை, ஒடியாத தண்டு. இந்த மரம் எளசா இருக்கும்போது ஏதோ புயல்ல தலை சாய வளைஞ்சிருக்கு. முறியல. நிமிர்ந்துக்கிச்சு. வளைஞ்ச பக்கத்துல உள்ள நார் மடிஞ்சது மடிஞ்சதுதான். அதுக்கு மேல வருஷா வருஷம் நல்ல கட்டையா போர்த்திக்கிச்சு. வெட்டிப் போட்டா தேக்கு. எழைச்சா வழவழன்னு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தட்டினாலும் தெரியாது. இந்த மாதிரிக் கட்டை ஒடியும்போது சத்தம் போடாது. உங்க மாப்பிள்ளை சொன்னது சரி."

அப்படியே எழுதிக் கொடுத்தார். கோர்ட்டிலும் வந்து சொன்னார். ஏழுமலை ஆசாரி விடுதலையாகித் தன் வீட்டுக்கு வந்தார்.

சீவினது நான் என்பது தெருவுக்குத் தெரியும். செல்வி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை தடியூன்றி நடக்க ஆரம்பித்த சேதியைக் கூட வேறு ஆள் சொல்லித்தான் கேட்டேன். பொங்கல் வரிசை எடுத்துக்கொண்டு போனபோது மாப்பிள்ளைதான் வாங்கி வைத்தார். அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. "விடுங்க மச்சான், நான் கீழ விழுந்ததுக்கு யாரையாவது திட்டணும் அவளுக்கு. ஆசாரி இல்லன்னு ஆயிடுச்சு, நீங்க மாட்டிக்கிட்டீங்க" என்று மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் விளக்கேற்றும்போது அவளைச் சொல்லித்தான் கும்பிட்டேன்.

அடுத்த ஆடிக்குப் புதுத் தண்டு வேண்டியிருந்தது. தெருக்காரர்கள் ஏழுமலை ஆசாரியையே கூப்பிட்டார்கள். அவர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு, கட்டையைப் பலராமன் பார்க்கட்டும், தனசேகர் வீட்டுப் பொம்பளை கையால மஞ்சள் வைக்கட்டும், அப்படியானால் செய்கிறேன் என்றார். எங்கள் கோயிலில் சாமி தூக்குகிறவர் வீட்டுப் பெண்கள்தான் தண்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது வழக்கம்.

அன்றைக்குத் தண்டு கோயில் வாசலில் கிடந்தது. ஆசாரி வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். மாப்பிள்ளை தடியூன்றி முன்னால் வந்தார். பின்னால் செல்வி, கையில் மஞ்சள் கிண்ணம். தண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குனியவில்லை.

"அண்ணா" என்றாள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் கேட்கிறேன். "இதுக்குள்ள பார்த்தியா?"

பார்த்தேன், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட வாய் துடித்தது.

"ரெண்டு முனையிலயும் சீவிப் பார்த்தேன் செல்வி. அந்த எடத்துல நல்லா இருக்கு. நடுவுல பார்க்க முடியாது. பார்க்கணும்னா முழுசையும் சீவணும், அப்புறம் தண்டு இருக்காது."

"அப்போ நடுவுல?"

"அவதான் பார்த்துக்கணும்."

அவள் சன்னதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்து, ஒரு முனையிலிருந்து பூசிக்கொண்டே வந்தாள். பாதித் தண்டு வந்ததும் நிமிர்ந்து வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

"ஆசாரி, ஏன் அங்கயே நிக்கறீங்க? இப்பிடி வந்து இந்த முனையைத் தூக்கிப் பிடிங்க. அடியிலயும் பூசணும் இல்ல?"

ஏழுமலை ஆசாரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.